பதில் சொல்லக் கூடாத வாசிப்பு

அத்தியாயம் 7

செத்துப்போனவள் நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"உடையைக் கழற்றுகிறவன் அழுவதில்லை. வாசலில் சிறியவன் நிற்கிறான். அவன் கையில் விளக்கு இருக்கிறது. ஏறி வா. கீழே இருக்கிறவர்கள் உன்னைத் தாமதப்படுத்துவார்கள்."

அதோடு குரல் நின்றது. மேசை மேலிருந்த ஒலிபெருக்கி லேசாக இரைந்தது. தேவாலய அலுவலகத்தின் ஒரே ஜன்னலை யாரோ சாத்தியிருந்தார்கள். உள்ளே பழைய கம்பளத்தின் வாடை.

சபைச் செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். மீசை அவருக்கு முன்னால் நிமிர்ந்தது.

"கேட்டீங்கல்ல? பைபிளை முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டுங்க. இது எங்கயும் கிடையாது. கள்ளச் சுவிசேஷம். இதை வாசிச்சிட்டு மாடத்துலேர்ந்து குதிச்சிருக்காங்க. இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்கு?"

"குதிச்சதை யார் பாத்தது?" என்றார் மாமியார்.

"யாரும் பாக்கல."

"அப்போ விழுந்தாங்கன்னு சொல்லுங்க. குதிச்சாங்கன்னு சொல்றதுக்கு ஒரு ஜோடிக் கண்ணாவது வேணும்."

செயலாளர் துப்பறிவாளனைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"என் உதவியாளர்."

"மாமியார்," என்று திருத்தினார் மாமியார். "உதவியெல்லாம் அப்புறம்."

உண்மை அதுதான். துப்பறிவாளனின் மனைவி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போனாள். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவள் அம்மா மட்டும் அவன் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் சுவர் பேச ஆரம்பிக்கிறது என்றார். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவன் வீட்டுச் சுவரும் பேசிக்கொண்டுதான் இருந்தது.

இந்த வழக்கு அன்று காலையில்தான் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் மனைவியைச் சபையில் எல்லோரும் வாசிப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவள். எழுந்து நடமாட முடியாதவர்களுக்காக அதே பாடங்களைப் பாடகர் மாடத்தில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்து அனுப்புபவள். அந்த மாடத்திலிருந்து விழுந்து செத்தாள். கடைசிப் பதிவில் இருந்தது இந்தக் கள்ளச் சுவிசேஷம். இன்று சாயங்காலம் சபைக்குழு கூடுகிறது. தவறான போதனையில் விழுந்தவள் என்று எழுதி, அவள் வாசித்த எல்லாப் பதிவுகளையும் அழிக்கப் போகிறார்கள்.

"அவ குரலை அழிச்சிடுவாங்க சார்," என்றார் கடைக்காரர். "அவ அதை வேதம்னு சொல்லவே இல்ல. கடைசியில 'இத்துடன் வாசிப்பு முடிகிறது'ன்னுதான் முடிச்சா. எங்க சபையில அதுக்கு அர்த்தம் இருக்கு. ஆயரைக் கேளுங்க. பதிவை ஒரு தடவை கேட்டாலே எல்லாம் புரிஞ்சிடும்."

இப்போது கேட்டாயிற்று. அப்படி ஒரு முடிவுரை அதில் இல்லை.

"கடைசியில ஏதோ குறையுதே," என்றான் துப்பறிவாளன்.

"குறையல. வெட்டினேன்." செயலாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். குரலின் ஏற்ற இறக்கம் மலைத்தொடர் மாதிரி ஓடியது. "எல்லாப் பதிவையும் நான்தான் சுத்தம் பண்றது. இருமல், நாற்காலி இழுக்குற சத்தம் எல்லாம் வெட்டணும். சத்தத்தை மூடிட்டு கண்ணால பாத்தே வெட்டிடுவேன். கோடு ரொம்ப தூரம் தட்டையாப் போனா வாசிப்பு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அங்க ஒரு கத்தரி."

"வெட்டாத பதிவு?"

"கணினியில வைக்கிறதில்ல. இடம் அடைக்கும். அவங்க மெமரி கார்டுல இருக்கணும்." மீசை கொஞ்சம் தளர்ந்தது. "கார்டு வழக்கம்போல நோயாளிங்க வீட்டுக்கு அனுப்புற பையில போயிடுச்சு. வெட்டினதை அதுல மாத்தி ஏத்தக் கவனிக்காம விட்டுட்டேன். இப்போ படுக்கையில இருக்குற நம்ம லாரி டிரைவர் வீட்டுல இருக்கும். ஹாரன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்."

"அவங்க வீட்டுக்காரருக்கு நீங்க கொடுத்தது?"

"இதே நகல்தான். வேற ஏது?"

*

ஆயர் கோயிலுக்குள் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால், உயரத்தில் மாடத்தின் தாழ்ந்த கைப்பிடி. அதன் குறுக்கே இப்போது ஒரு கயிறு கட்டியிருந்தது.

"சாயங்காலம் இங்க விளக்கு அணைக்கிறப்ப, மேலே யாரோ பக்கம் திருப்புற மாதிரி இருக்கு," என்றார் ஆயர். "காத்துதான். தெரியும். தெரிஞ்சும் திரும்பிப் பாக்குறதில்ல."

துப்பறிவாளனுக்குப் புரிந்தது. அவன் வீட்டில் குளியலறைக் கதவு அப்படித்தான்.

"ஒரு சந்தேகம் ஐயா," என்றார் மாமியார். "பைபிளுக்கு வெளியில இருக்குற பழைய புத்தகம் எல்லாமே பொய்யா?"

"அப்படிச் சொன்னா என் வேலை சுலபம்மா." ஆயர் முதல் தடவையாகச் சிரித்தார். "யார் எழுதினது, எப்போ எழுதினது, ஆரம்பத்துலேர்ந்து சபைகள் எல்லாம் சேர்ந்து வாசிச்சதா, மத்த சாட்சியோட ஒத்துப்போகுதா, இத்தனையும் பாக்கணும். சிலது அந்தச் சோதனையில பாதி தேறும். அதை நாங்க கோயில்லயே வாசிப்போம். நல்லா வாழக் கத்துக்கலாம். ஆனா அதை வச்சு, இதைத்தான் விசுவாசிக்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேற சபைக்காரங்க அதே நூல்களை வேதத்துக்குள்ளயே வச்சிருக்காங்க. அதுக்காக அவங்களோட சண்டையும் கிடையாது."

"அதாவது விருந்தாளி. சாப்பாடு உண்டு, பீரோ சாவி கிடையாது. எங்க மாப்பிள்ளை மாதிரி."

"எங்களுக்கு மொட்டைக் கடிதம் வரும்," என்றான் துப்பறிவாளன். "கிழிச்சுப் போட மாட்டோம். அதை மட்டும் வச்சு யாரையும் பிடிக்கவும் மாட்டோம்."

"அதேதான் தம்பி. ஆனா இவங்க வாசிச்சது மொட்டைக் கடிதம்கூட இல்ல. அடுத்தவன் கையெழுத்தைப் போட்ட கடிதம். ஒரு சீடர் பேரு அட்டையில இருக்கு. அந்தச் சீடர் செத்து ரொம்ப காலத்துக்கு அப்புறம் யாரோ எழுதினது. உடம்பு ஒரு சிறை, கழற்றிப் போட்டா விடுதலைங்கிறான். எங்க வேதம் உடம்பை அப்படி வெறுக்கச் சொல்லல." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அதையும் வாசிக்கலாம், பயப்படாதீங்கன்னு வகுப்பு எடுத்ததே அந்த அக்காதான். அவங்க இதை நம்பிட்டாங்கன்னு சொல்றாங்க. பையன் போனதுலேர்ந்து அவங்க மனசு சரியில்லன்னு."

"பையனா?"

"ஒரே பையன். சின்னவன். குளத்துல."

வாசலில் சிறியவன் நிற்கிறான். துப்பறிவாளன் மாடத்தைப் பார்த்தான். மூவரில் அவன் ஒருவன்தான் பார்த்தான்.

"வாசிப்பை எப்படி முடிப்பீங்க?"

"வேதம்னா, 'இது ஆண்டவரின் வார்த்தை'ன்னு வாசிக்கிறவங்க சொல்வாங்க. சபை மொத்தமும் 'இறைவனுக்கு நன்றி'ன்னு பதில் சொல்லும். வெளி நூல்னா, 'இத்துடன் வாசிப்பு முடிகிறது.' அவ்வளவுதான். அதுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது."

"அந்த ஒரு வரி கிடைச்சா?"

ஆயர் எழுந்தே விட்டார். "கிடைச்சா, அது வேதம் இல்லன்னு தெரிஞ்சுதான் வாசிச்சாங்கன்னு அர்த்தம். இருக்கா?"

*

ஹாரனின் வீடு ஒரு மெக்கானிக் கடைக்கு மேலே இருந்தது. கதவைத் திறந்தவள் மருமகள்.

"அந்தக் கார்டா? மாமா அதை பிஸ்கட் டப்பாவுல போட்டு, மேல அம்மிக்கல்லு மாதிரி டிக்‌ஷனரியைத் தூக்கி வச்சிருக்கார். தொடக் கூடாதாம்."

"உள்ள வந்து பேசுங்க!" என்று அறையிலிருந்து ஒரு குரல் அதிர்ந்தது. பட்டப்பெயர் ஏன் வந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

மாமியார் மருமகளோடு சமையலறைக்குப் போனார். அங்கே எதற்கோ சிரித்தார். துப்பறிவாளன் நின்ற இடத்தில் நின்றான். ஆளைப் பார்க்காமல் சிரிப்பை மட்டும் கேட்டால் அது அப்படியே மனைவியின் சிரிப்பு. அவள் குரல் எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. மிச்சம் இது ஒன்றுதான். அதனாலேயே மாமியார் இருக்கும் அறையைவிட்டு அவன் சீக்கிரம் வெளியேறுவதில்லை.

ஹாரன் இடுப்பு முறிந்து படுத்திருந்தார். தலைமாட்டில் கார்டு போடும் சின்ன ஒலிப்பெட்டி.

"தம்பி, செத்தவங்க குரலுக்கெல்லாம் நான் பயப்படுற ஆள் இல்ல. ரேடியோவுல பாடுறவங்க பாதிப் பேர் செத்தவங்கதான். கூடவே பாடிக்கிட்டு லோடு அடிச்சிருக்கேன். ஆனா இதுல ரெண்டாவதா ஒரு ஆள் இருக்கான்."

"ஆளா?"

"ஆளோ, பேயோ. நீங்களே கேளுங்க. நான் காதைப் பொத்திக்கிறேன்." நிஜமாகவே தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மாமியாரும் மருமகளும் வாசலில் வந்து நின்றார்கள். துப்பறிவாளன் கார்டைப் போட்டான்.

உடையைக் கழற்றுகிறவன் அழுவதில்லை. விளக்கு. ஏறி வா. தாமதப்படுத்துவார்கள். பிறகு மௌனம், நீளமாக. செயலாளர் கத்தரி போட்ட இடம். அந்த மௌனத்துக்குள் ஒரு மூச்சு. புத்தகம் மூடும் ஓசை. அப்புறம் அவள் குரல், கொஞ்சமும் பிசிறில்லாமல்:

"இத்துடன் வாசிப்பு முடிகிறது."

மாமியார் கையைத் தட்டப் போனார். தட்டவில்லை. ஏனென்றால் பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு குரல், ஆண்குரல், காதோரம் பேசுவதுபோலக் கிசுகிசுத்தது.

"இறைவனுக்கு நன்றி."

ஒரு க்ளிக். முடிந்தது.

மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கீழே மெக்கானிக் கடையில் யாரோ டயரைத் தட்டினார்கள்.

"பதில் சொல்லக் கூடாதுன்னாரே ஆயர்," என்றார் மாமியார் மெதுவாக.

ஹாரன் தலையணையை எடுத்தார். "சொல்லக் கூடாதுதான். எங்க சபையில கைக்குழந்தைகூட வாயை மூடிக்கும். அதான் சொல்றேன், இது சபை முறை தெரியாத பேய்."

"முறை தெரிஞ்ச பேய்," என்றான் துப்பறிவாளன். "வார்த்தை மாறாம சொல்லுது. பதில் தெரியும். இதுக்குப் பதில் கிடையாதுன்னும் தெரியும். தெரிஞ்சும் சொல்லுது."

"ஏன்?"

"அந்த ஆளுக்கு அது வேதம்."

மாமியார் ஒரு நொடி யோசித்தார். முகம் மாறியது. "அப்போ கள்ளச் சுவிசேஷத்தை நம்பினது அவ இல்ல. பக்கத்துல இருந்தவன்."

*

காரில் ஏறியதும் மாமியாருக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"அந்த மீசைதான் மாப்பிள்ளை. சந்தேகமே இல்ல. வெட்டினது யார் கத்தரி? ஊருக்கு முன்னால கள்ளம் கள்ளம்னு கத்திட்டு, மாடத்துல போய் ரகசியமா நன்றி சொல்றது. இந்த மாதிரி ஆளுங்க வாக்குமூலத்தை நான் டைப் அடிச்சே விரல் தேஞ்சிருக்கேன்."

"அவருக்கு இந்தக் குரல் இருக்குறது தெரிஞ்சிருந்தா, கார்டு பையில போயிருக்குமா அத்தை?"

"போயிருக்காது. முழுங்கியிருப்பார்."

"அவர் சத்தத்தை மூடிட்டு வெட்டினவர். இதைக் கேட்கவே இல்ல. கார்டு நேரா ஹாரன் வீட்டுக்குப் போச்சு. ஹாரன் டப்பாவுல பூட்டிட்டார். அந்தக் கடைசி வரியைக் கேட்டவங்க மொத்தம்..."

அவன் நிறுத்திவிட்டான். கையில் சாவி. காரைக் கிளப்பவில்லை.

"என்ன மாப்பிள்ளை? முகம் ஏன் இப்படிப் போகுது?"

"கண்ணாடிக் கடைக்குப் போகணும்."

"யாருக்குக் கண்ணாடி?"

"நம்ம ரெண்டு பேருக்கும்தான். காலையிலேயே கண்ணு தெரிஞ்சிருக்கணும்."

*

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சுவர் முழுக்க வெறும் கண்ணாடிச் சட்டங்கள், ஆளில்லாத முகங்கள் மாதிரி. கடைக்காரர் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

"கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது. நீங்க சொன்னது சரி. 'இத்துடன் வாசிப்பு முடிகிறது'ன்னுதான் முடிச்சிருக்காங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் இறங்கின. "நான்தான் சொன்னேனே."

"சொன்னீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"செயலாளர் கொடுத்த நகல்ல..."

"அந்த நகல்ல அது இல்ல. அவர் வெட்டிட்டார். நீங்க அதைக் கேட்கவே இல்ல, இல்லையா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாத முகம் சட்டென்று சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது.

"முடியல சார்," என்றார். "நகலைக் கேக்க முடியல. கேட்டிருந்தா உஷாராயிருப்பேன்."

மாமியார் மெல்ல ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்காரவில்லை.

"பையன் போனப்புறம் எல்லாரும் அவளைத்தான் பாத்துக்கிட்டாங்க. ஜபம் பண்ணினாங்க, சாப்பாடு கொண்டுவந்தாங்க. என்கிட்ட கண்ணாடி ரிப்பேருக்குக் கொடுத்தாங்க. ஒருத்தர் நடைபாதையில பழைய புத்தகம் விப்பார். அங்க கிடைச்சுது. சின்னப் புத்தகம். சபை மறைச்ச சுவிசேஷம்னு அட்டையில போட்டிருந்தது. வாசல்ல சிறியவன் நிக்கிறான்னு இருந்தது சார். அதை விட்டுட்டு என்னால வேற எதையும் படிக்க முடியல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுது. சண்டை போடல. கிழிச்சுப் போடல. என்னை மாடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. 'நானே வாசிக்கிறேன், நீங்க உக்காந்து கேளுங்க. இது என்னன்னு சேர்ந்து பாப்போம்'னா. வேதம் வாசிக்கிற மாதிரியே மரியாதையா வாசிச்சா. முடிச்சப்போ அந்த வரியைச் சொன்னா. எனக்குக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்தது. அப்போ என் புள்ளை வாசல்ல நிக்கலையான்னு. வேணும்னேதான் அந்தப் பதிலைச் சொன்னேன். அவ மெஷினை நிறுத்திட்டு, 'அவன் ஆண்டவர்கிட்ட இருக்கான்ங்க, அதுக்கு நீங்க உடம்பைக் கழற்ற வேண்டாம்'னா. நான் அதுக்குள்ள கைப்பிடி மேல ஏறிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது கொஞ்சம்தான். அவள் ஓடி வந்து பின்னாலிருந்து இழுத்தாள். அவர் மாடத்துக்கு உள்ளே விழுந்தார், அவள் வெளியே.

கடைக்கு வெளியே யாரோ வந்து கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

"குழுவுக்குச் சொல்லிடுவீங்களா?"

துப்பறிவாளன் கார்டை மேசையில் வைத்தான். அவன் வேலையில் இதற்கு மேல் எப்போதும் போலீசுக்குப் போன் போடுவதுதான் வழக்கம்.

"நீங்க கேட்டது அவங்க பேரும் குரலும் நிலைக்கணும்னு. இந்தக் கார்டு பாதியைச் செய்யும். அது வேதம் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்னு காட்டும். ஆனா ஏன் விழுந்தாங்கன்னு இது சொல்லாது. குதிச்சவங்கன்னுதான் பேசுவாங்க. மீதிப் பாதிக்கு ஒரே சாட்சி நீங்க."

"சொன்னா என்னை..."

"தெரியும்."

"இதைக் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று துப்பறிவாளன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கக்கூடும். அந்த மனிதருக்கே தெரியாமல்.

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். கடையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

*

குழு கூடிய அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. மாமியாரும் மாப்பிள்ளையும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு அப்பால் முதலில் வாசிப்பு அக்காவின் குரல் கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல் வெகு நேரம், ஏறாமல் இறங்காமல். இந்தத் தடவை அது கிசுகிசுக்கவில்லை.

"ஒரு ஜோக்கும் வர மாட்டேங்குது மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"வேண்டாம் அத்தை."

முதலில் வெளியே வந்தவர் செயலாளர். கண் சிவந்திருந்தது. அலுவலகத்துக்குள் போனார். அழிப்பதற்கென்று மேசைமேல் எடுத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி, உள்ளிருந்த கார்டுகளைத் திரும்ப அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவள் கையெழுத்து வெளியே தெரியும்படி அடுக்கினார்.

"ஞாயித்துக்கிழமைப் பையில இதெல்லாம் போகும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு ஆயரும் கடைக்காரரும். காவல் நிலையத்துக்கு ஆயரும் கூடவே போகிறார் என்பது அவர் கையிலிருந்த கடைக்காரரின் பையிலேயே தெரிந்தது. கடைக்காரர் பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"ஒண்ணு மட்டும் உள்ள சொல்ல வரல சார். நான் உள்ள விழுந்தேன். அவ வெளிய சாஞ்சுட்டா. எட்டி அவ கையைப் பிடிச்சேன். பிடிச்சிட்டேன் சார், நல்லாப் பிடிச்சேன். நானும் கூடவே சரிய ஆரம்பிச்சேன். அப்புறம் பாத்தா கை காலியா இருந்தது." அவர் வலது கையை விரித்துப் பார்த்தார். "நான் விட்டேனா, அவ விட்டாளா, தெரியல."

துப்பறிவாளன் அந்தக் கையைப் பார்த்தான். இதற்குத் தடயம் இல்லை, சாட்சி இல்லை, பதிவு இல்லை. மனைவிக்குக் காய்ச்சல் ஏறிய அந்தக் கடைசி விடிகாலையில் தானும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும், கண் அயர்ந்ததும் நினைவுக்கு வந்தன. அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

மாமியார் எழுந்தார். அவர் பார்வை கடைக்காரரிடம் இருந்ததா, மாப்பிள்ளையிடம் இருந்ததா என்று சொல்ல முடியாது.

"அவதான் விட்டிருப்பா," என்றார். "நீங்களும் சேர்ந்து போயிடக் கூடாதுன்னு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது. கோர்ட்டுல நிக்காது. நானே டைப் அடிக்க மாட்டேன்."

"அப்போ அதை நான் நம்பலாமா?"

"நம்பச் சொல்லலப்பா. கூட வச்சுக்கங்கன்னுதான் சொல்றேன்."

கடைக்காரர் விரித்த கையை மெதுவாக மூடிக்கொண்டு, ஆயருக்குப் பின்னால் படியிறங்கினார்.